பியூஜோ 205 ஜிடிஐ 1.9 வாங்கப் போகிறேன்: ஒரு மணி நேரத்தில் எதையெல்லாம் பார்ப்பது?

நாலாம்கியர்:

வணக்கம் நண்பர்களே. 1989 மாடல் பியூஜோ 205 ஜிடிஐ 1.9 கார் ஒன்று பார்க்கப் போகிறேன். படங்களில் வண்டி பளிச்சென்று இருக்கிறது. கேட்டலிடிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) வருவதற்கு முந்தைய 130 குதிரைத்திறன் எஞ்சின் என்கிறார் விற்பவர். பார்ப்பதற்கும் ஓட்டுவதற்கும் சேர்த்து ஒரு மணி நேரம்தான். லிஃப்ட் கிடையாது, ஜாக்கி, ஆக்சில் ஸ்டாண்ட், டார்ச் எல்லாம் நான் எடுத்துப்போகிறேன். பழைய வண்டி பார்க்கும் பொதுவான முறை தெரியும். இந்த மாடலுக்கே உரிய நோவுகள் எவை? எதை முதலில் பார்க்க வேண்டும், எதைப் பார்த்ததும் பேசாமல் திரும்பிவிடலாம்?

தகரம்தட்டி:

எஞ்சினை அப்புறம் பாருங்க, முதல்ல பாடி. எஞ்சினைக் கழட்டி மாட்டிடலாம், கியர்பாக்ஸ் மாத்திடலாம். பாடி போயிடுச்சுன்னா அந்த வண்டியில வேற என்ன நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்லை.

பெயிண்ட் பளபளப்பைப் பாத்து மயங்காதீங்க. மெல்லிய துணி சுத்தின சின்ன காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. பின் வீல் ஆர்ச் ஓரம், கதவோட கீழ் விளிம்பு, பின்பக்க சின்ன ஜன்னலுக்கு அடியில, இந்த மூணு இடத்துலயும் ஒட்டிப் பாருங்க. ஒட்டலைன்னா உள்ளே பட்டி. ஜிடிஐயில வீல் ஆர்ச் மேல பிளாஸ்டிக் பட்டை இருக்கும். அதுக்குப் பின்னால சேறு தங்கித் தகரத்தை அரிக்கும். பிளாஸ்டிக் ஓரத்துல பெயிண்ட் குமிழ் விட்டிருந்தா, வெளிய தெரியறதைவிட உள்ள அதிகம்னு வெச்சுக்கோங்க.

ஸ்டெப்னி டிக்கிக்குள்ள இல்லை, அடியில கம்பிக் கூண்டுல தொங்கும். அதை இறக்கினீங்கன்னா டிக்கித் தரையோட அடிப்பக்கம் முழுசாத் தெரியும். பின்னாடி இடி வாங்கின வண்டின்னா அங்கேதான் மாட்டும்: தகரத்துல சுருக்கம், ஒரு பக்கம் மட்டும் புது அண்டர்கோட், சீலன்ட் கையால தடவின மாதிரி. அப்படியே பெட்ரோல் ஊத்துற குழாயையும் பாத்துடுங்க. அது இரும்பு, பின் வீல் ஆர்ச்சுக்குள்ள போகுது, துருப்பிடிச்சு ஓட்டை விழும். டேங்க் நிரப்பினா மட்டும் பெட்ரோல் வாடை வருதுன்னு யாராவது சொன்னா காரணம் பெரும்பாலும் இதுதான்.

முன்னாடி, போனட் பூட்டு இருக்கிற குறுக்குத் தகட்டைப் பாருங்க. கம்பெனி ஸ்பாட் வெல்டிங்னா சம இடைவெளியில வட்டமா குழி குழியா இருக்கும். குழி காணோம், இல்லை கோடு கோடா வெல்டிங் ஓடியிருக்குன்னா முன்பக்கம் மாத்தியிருக்காங்க. அதுமட்டும் மாறியிருந்தா பெரிய விஷயமில்லை. அதுக்குப் பின்னால போற ரெண்டு சேஸிஸ் காலும் (முன்பக்கத்தைத் தாங்குற நீளப் பெட்டித் தகரம்) நேரா இருக்கணும். அதுல மடிப்பு இருந்தா திரும்பிடுங்க, யோசிக்கவே வேண்டாம்.

கடைசியா கார்பெட்டைத் தூக்கிக் கையை வெச்சுப் பாருங்க. ஈரம் இருந்தா விண்ட்ஷீல்டுக்குக் கீழ இருக்கிற தகர இணைப்புல சீலன்ட் விட்டிருக்கும். சன்ரூஃப் இருந்தா அதோட வடிகுழாய் அடைச்சிருக்கலாம். அதைச் சரிபண்ணிடலாம், ஆனா அந்தத் தண்ணி எத்தனை வருஷமா நிக்குதுங்கிறதுதான் கேள்வி. தரையில சுத்தியல் பிடியால தட்டினாலே சத்தத்துல தெரிஞ்சிடும்.

டார்ஷன்பார்:

பாடியைப் பற்றி மேலே சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. இந்த மாடலுக்கே உரிய நோவு என்று கேட்டீர்கள். அது பின் ஆக்சில்தான்.

205-இல் பின் சக்கரங்கள் இரண்டும் தனித்தனி டிரெய்லிங் ஆர்மில் (முன்னால் கீல்போலப் பிடித்து, பின் முனையில் சக்கரத்தைத் தாங்கும் கை) நிற்கின்றன. ஒவ்வொரு ஆர்மிலும் ஒரு ஷாஃப்ட் இருக்கிறது. அது நடுவில் குறுக்காகப் போகும் இரும்புக் குழாய்க்குள் நீடில் பேரிங்கில் (ஊசி போன்ற மெல்லிய உருளைகள் கொண்ட பேரிங்) சுழல்கிறது. ஒரு பக்கத்துக்கு இரண்டு பேரிங். ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் குறுக்கே இரண்டு டார்ஷன் பார், அதாவது முறுக்கினால் ஸ்பிரிங் போல எதிர்க்கும் கம்பி; முனைகளில் பல் வெட்டியிருக்கும். வயதானால் ஆர்மின் வாய்ப்பக்க சீல் காய்ந்து வெடித்துத் தண்ணீர் உள்ளே போகும். கிரீஸ் கரைந்து, ஊசிகள் துருப்பிடித்து நொறுங்கி, அந்தத் துகளே ஷாஃப்ட்டை அரைத்துவிடும். ஷாஃப்ட் தேயத் தேயச் சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாயும்.

பார்க்கும் முறை இதுதான். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, பத்து அடி பின்னால் போய்க் குந்தி உட்கார்ந்து இரண்டு பின் சக்கரங்களையும் பாருங்கள். மேலே குறுகி கீழே அகன்று நின்றால், அல்லது ஒன்று மற்றதைவிட அதிகம் சாய்ந்திருந்தால், பேரிங் போய்விட்டது. பிறகு டிக்கி ஓரத்தை அழுத்தி விடுங்கள். சத்தமில்லாமல் இறங்கி ஏறி நிற்க வேண்டும். கிறீச்சென்றாலோ, அசையவே மறுத்தாலோ, ஆர்ம் இறுகிக்கிடக்கிறது. "ஸ்போர்ட்ஸ் சஸ்பென்ஷன், அப்படித்தான் கட்டியாக இருக்கும்" என்பார்கள், நம்பாதீர்கள். கடைசியாக, பின்பக்கத்தை ஸ்டாண்டில் நிறுத்தி சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால், ஆடுவது ஹப்பா (சக்கரம் மாட்டும் நடுப்பாகம்) ஆர்மா என்று வேறொருவர் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். ஹப் பேரிங் என்றால் சின்னச் செலவு.

சீக்கிரம் கண்டுபிடித்தால் ஷாஃப்ட், பேரிங், சீல் மாற்றினால் போதும். ஊசி உடைந்தபின்னும் ஓட்டியிருந்தால் குழாயின் உட்புறமே தேய்ந்திருக்கும். அப்போது முழு ஆக்சிலையும் ரீகண்டிஷன் செய்ததாக மாற்றுவதுதான் வழி. டார்ஷன் பார்கள் பல்லோடு துருப்பிடித்து இறுகியிருந்தால் கழற்றவே ஒரு நாள் போய்விடும். இதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. முழு ஆக்சில் செலவைக் கேட்டு வைத்துக்கொண்டு போங்கள், அதை அப்படியே விலையில் கழியுங்கள்.

ஸ்பேனர்13:

எஞ்சின் பக்கம் நான் சொல்கிறேன்.

போனட்டைத் திறந்தவுடன் ரேடியேட்டர் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும்; முன்கூட்டியே போன் செய்து "ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிடுங்கள்.

1.9 எஞ்சின் 1905 சிசி, எஞ்சின் கோட் டி6பி. பிளாக்கின் முன்பக்கம் பாருங்கள், ஆவணத்தோடு ஒத்துப்பார்க்கலாம். சிறிய எஞ்சின் கொண்ட ஜிடிஐ 1.6-ஐ 1.9 என்று விற்பவர்களும், சாதாரண 205-க்கு ஜிடிஐ வேஷம் போட்டு விற்பவர்களும் உண்டு. 1.9-க்குப் பின்னாலும் டிஸ்க் பிரேக், 15 அங்குல வீல், 1.6-க்குப் பின்னால் டிரம், 14 அங்குலம். வீலை யாரும் மாற்றிவிடலாம் என்பதால் டிரம்மா டிஸ்க்கா என்று பாருங்கள். எஞ்சின் மாற்றியிருந்தால் அதுவே குற்றமில்லை, பியூஜோ 405-இன் 16 வால்வு எஞ்சினைப் போட்ட நல்ல வண்டிகள் இருக்கின்றன. ஆனால் ஆவணத்தில் ஏறியிருக்க வேண்டும்.

பிளாக் அலுமினியம், சிலிண்டர்கள் தனியாகச் செருகிய குழாய்கள், வெட் லைனர் என்பார்கள். லைனரைச் சுற்றிக் கூலண்ட் நேரடியாக ஓடுகிறது. அடியில் ஒரு சீல்தான் கூலண்டுக்கும் கீழே உள்ள ஆயில் தொட்டிக்கும் (சம்ப்) நடுவே நிற்கிறது. இதனால் இரண்டு விஷயம். ஒன்று, வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டியிருந்தால் அலுமினியம் உள்ளே அரித்திருக்கும். கூலண்ட் துருநிறக் குழம்பாக இருந்தால் உஷார். இரண்டு, ஹெட் கேஸ்கெட் மாற்றியதாக பில் காட்டினால், ஹெட்டைக் கழற்றியபோது லைனர்களைக் கிளாம்ப் போட்டுப் பிடித்தார்களா என்று கேளுங்கள். பிடிக்காமல் கிராங்கைச் சுற்றினால் லைனர் மேலே எழும்பி அடி சீல் கெட்டுவிடும், கூலண்ட் ஆயிலில் கலக்கும். கேட்டதும் முழித்தால், டிப்ஸ்டிக்கையும் ஆயில் மூடியின் உட்புறத்தையும் இரண்டு முறை பாருங்கள்.

டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்கு. வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, சேர்த்தே மாற்ற வேண்டும். பெல்ட் அறுந்தால் வால்வு பிஸ்டனில் அடிக்கும். எஞ்சின் ஓடும்போது கீழே கிராங்க் புல்லியைப் பாருங்கள்: உள் வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே ரப்பர் இருக்கிறது, அது பிரிந்தால் வெளி வளையம் தள்ளாடும்.

ஐடிலிங் ஏறி இறங்கினால் "ஏர்ஃப்ளோ மீட்டர் போச்சு, சின்ன வேலை" என்பார்கள் (எஞ்சினுக்குப் போகும் காற்றை அளக்கும் கருவி அது). பெரும்பாலும் அதற்கும் த்ராட்டிலுக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு. ஒரு சோதனை: எஞ்சின் சூடாகி ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறங்கள். மீட்டர் அளக்காத காற்று உள்ளே போவதால் எஞ்சின் தடுமாற வேண்டும். எந்த மாற்றமும் இல்லையென்றால், ஏற்கெனவே எங்கோ காற்று கசிந்துகொண்டிருக்கிறது.

ஓட்டும்போது ஒரு நீண்ட இறக்கத்தில் மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு வாருங்கள், அடியில் வந்ததும் மிதியுங்கள். கண்ணாடியில் நீலப் புகை ஒரு கொத்து வந்து நின்றால் வால்வு சீல் தேய்மானம். அந்த வயது எஞ்சினுக்குச் சகஜம். இழுக்கும்போது தொடர்ந்து புகை வந்தால் பிஸ்டன் ரிங், அது பெரிய வேலை. ஆயில் அளவு குறைவாக இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். இந்த எஞ்சினில் வேகமான வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்புக்குக் காற்று போகும், முதலில் பலியாவது பிக் எண்ட் பேரிங் (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் இடத்து பேரிங்). லேசான த்ராட்டிலில் 3000 ஆர்பிஎம் வாக்கில் அடியிலிருந்து கனத்த தட்டல் கேட்டால் வண்டியை விட்டுவிடுங்கள்.

கியர்பாக்ஸில் குளிரில் இரண்டாம் கியர் நறநறப்பதைப் பாருங்கள். ஆக்சிலரேட்டரை விட்டு மிதிக்கும்போது ஒரு "டொக்" வந்தால் எஞ்சினின் கீழ் மவுண்ட், மலிவு. 1989-இல் கியர்பாக்ஸ் மாறியது: பழைய பிஇ1 வகையில் ரிவர்ஸ் முதல் கியருக்குப் பக்கத்தில் மேலே இடதுபுறம், புதிய பிஇ3-இல் ஐந்தாம் கியருக்குக் கீழே. எது இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வண்டியில் ஏறுங்கள்.

சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட்டர் சுற்றவில்லையென்றால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள். பேட்டரிக்கு அருகே பழுப்பு நிற மல்டிபிளக் ஒன்று இருக்கிறது, அதன் பின்கள் பச்சை பூத்திருக்கும்.

மஞ்சள்லைட்:

எல்லாரும் சொல்லாமல் விட்டது உள் அலங்காரம். எஞ்சின் பாகம் எப்படியாவது கிடைக்கும். வெடிக்காத டாஷ்போர்டு, கிழியாத பாதித்தோல் சீட், சிவப்பு கார்பெட், கதவு அட்டை, இதெல்லாம் தேடினாலும் சுலபத்தில் கிடைக்காது. பேரிங் போன ஆக்சிலோடு முழு இன்டீரியர் உள்ள வண்டியா, புது ஆக்சிலோடு ரேஸ் சீட் போட்ட வண்டியா என்றால் முதலாவதைத்தான் எடுப்பேன். டார்ஷன்பார் சண்டைக்கு வருவார், வரட்டும்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வயது டயரில் டெஸ்ட் டிரைவ் போகாதீர்கள், அதுவும் ஈரத்தில். வளைவின் நடுவே சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் இந்த வண்டி பின்பக்கத்தை வீசிவிடும்.

நாலாம்கியர்:

அனைவருக்கும் நன்றி. விற்பவரிடம் பின்னாலிருந்து நேராக ஒரு படம் கேட்டு வாங்கினேன். இடது பின் சக்கரம் மேலே நன்றாக உள்ளே சாய்ந்திருக்கிறது, வலது லேசாக. "வண்டியை 30 மில்லிமீட்டர் இறக்கியிருக்கிறோம், இறக்கினால் கேம்பர் (சக்கரச் சாய்வு) வரும்" என்கிறார். சரிதானா?

டார்ஷன்பார்:

மற்ற பல வண்டிகளுக்குச் சரி. இதற்குத் தவறு. 205-இன் பின் ஆர்ம், வண்டியின் குறுக்காக இருக்கும் அச்சில் மேலும் கீழும் மட்டும்தான் சுழல்கிறது. சக்கரம் எவ்வளவு மேலே போனாலும் கேம்பர் மாறாது. டார்ஷன் பாரைப் பல் மாற்றிப் போட்டு 30 அல்ல, 60 மில்லிமீட்டர் இறக்கினாலும் சக்கரம் அதே கோணத்தில்தான் நிற்கும். அதுவும் இடதும் வலதும் வேறு வேறு என்றால் சந்தேகமே வேண்டாம், இடது ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது.

போகும்போது ஒரு நேரான கம்பும் ஒரு ஸ்பிரிட் லெவலும் எடுத்துப்போங்கள். கம்பை ரிம்மின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஒட்டி நிறுத்தி, இரண்டு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடது டயரின் உள் ஓரத்தையும் தடவிப் பாருங்கள், அங்கே மட்டும் வழுக்கையாக இருந்தால் பல காலமாக இப்படியே ஓடியிருக்கிறது. அப்படியானால் குழாயும் போயிருக்கும் என்று வைத்து, முழு ஆக்சிலுக்கான தொகையைக் கழித்தே பேச்சைத் தொடங்குங்கள்.

தகரம்தட்டி:

அதோட ஆக்சில் பாடியில மாட்டுற நாலு மவுண்டையும் சுத்தித் தகரத்தைக் குத்திப் பாத்துடுங்க. அங்க துரு இருந்தா புது ஆக்சிலை எதுல மாட்டுவீங்க?