‘நியூக்ளியர் லேட்டன்சி’க்குத் தமிழ் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

அன்பர்களே,
அணுமின்சாரம் அணுகுண்டைப் பரப்புகிறதா, தடுக்கிறதா என்று ஒரு அத்தியாயம் மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். ‘நியூக்ளியர் லேட்டன்சி’ பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. குண்டு செய்யவில்லை, ஆனால் நினைத்தால் செய்துவிடலாம் என்ற நிலை. உதாரணம் ஜப்பான். உலையில் எரிந்த எரிபொருளிலிருந்து பிரித்த, குண்டுக்கும் ஆகக்கூடிய புளூட்டோனியம் சுமார் 45 டன் அதன் கணக்கில் உண்டு. பெரும்பகுதி பிரிட்டனிலும் பிரான்சிலும் கிடக்கிறது. இப்போதைக்கு ‘மறைதிறன்’ என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பு போயாக வேண்டும்.
— செ.

செ. தம்பிக்கு,
மறைதிறன் வேண்டாம். மறை என்றாலே யாரோ ஒளிக்கிறார்கள் என்றாகும். ஜப்பான் ஆண்டுதோறும் கணக்கை வெளியிடுகிறதே! பள்ளியில் ‘லேட்டன்ட் ஹீட்’டை உள்ளுறை வெப்பம் என்று படித்தோமில்லையா, அப்படியே ‘உள்ளுறைத்திறன்’ என்று வையுங்கள்.
— மா.

மா. ஐயா,
> உள்ளுறைத்திறன் என்று வையுங்கள்
வெப்பம் தானாக உள்ளே தங்கியிருக்கிறது, சரி. தொல்காப்பியத்து உள்ளுறை அப்படியா? தலைவி வேண்டுமென்றே மரம், விலங்கு போன்ற கருப்பொருளுக்குள் ஒன்றை வைத்துப் பேசுகிறாள். அந்தச் சொல்லைப் போட்டால் ஜப்பானுக்கு உள்நோக்கம் உண்டு என்று நாமே தீர்ப்பு எழுதியதாகிவிடும். அப்பர் சொன்ன ‘பாலில் படுநெய்’தான் பொருத்தம். நெய் பாலில் ஒளியவில்லை, கடைந்தால் வரும். எரிந்த எரிபொருளை மறுபதப்படுத்திப் புளூட்டோனியத்தைப் பிரிப்பதும் கடைதல்தானே? ‘படுநெய்நிலை’ என்பேன்.
— ந.

ந. ஐயா, ‘படுநெய்நிலை’யைப் பார்த்து மாணவர்கள் சமையல் குறிப்பு என்று நினைப்பார்கள்.
— க.

உலையில் 30 ஆண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கூடங்குளம் மாதிரி உலையில் போடும் யுரேனியம் 5 விழுக்காட்டுக்கும் குறைவாகச் செறிவூட்டியது, அதாவது எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235-இன் பங்கு அவ்வளவுதான். குண்டுக்கு 90 பக்கம் போக வேண்டும். எரிபொருள் ரஷ்யாவிலிருந்து வருகிறது, பன்னாட்டு அணுசக்தி முகமையின் கண்காணிப்பும் இருக்கிறது. எதிர்த்திசையில் நடந்ததையும் பாருங்கள்: 1993 ஒப்பந்தப்படி ரஷ்யக் குண்டுகளிலிருந்து எடுத்த 500 டன் யுரேனியத்தின் செறிவைக் குறைத்து, 2013 வரை அமெரிக்க உலைகளுக்கு எரிபொருளாக அனுப்பினார்கள். மின்சாரம் குண்டைத் தின்றது! எந்தச் சொல்லானாலும் பழி தொனிக்காமல் இருக்கட்டும்.
— வே.

வே. அண்ணன் 1974-ஐ விட்டுவிட்டார். பொக்ரானில் நாம் நடத்திய முதல் அணுவெடிப்புக்குப் புளூட்டோனியம் தந்தது கனடா கொடுத்த சைரஸ் உலை, அது இயங்கத் தேவையான கனநீர் அமெரிக்காவினுடையது. அமைதிக்கு என்று சொல்லித்தானே வாங்கினோம்?
— க.

சைரஸ் ஆராய்ச்சி உலை, தங்கச்சி. அதனால் ஒரு பல்பு எரிந்ததில்லை.
— வே.

பல்பு எரியாவிட்டால் என்ன, அண்ணே? அதில் கைபழகியவர்கள் அணுமின் நிலையத்துக்கும் போவார்கள், குண்டுக்கும் போவார்கள். லேட்டன்சி ஆட்களிடமும் இருக்கிறது. ‘திறன்’ இருந்தாக வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.
— க.

இதற்கிடையில் ‘அணு’வே வடமொழி என்று ஒருவர் எனக்குத் தனிமடல் போட்டிருக்கிறார். ‘அண்’ என்ற வேரிலிருந்து அண்டு, அண்மை, அணு எல்லாவற்றையும் நான்கு பக்கத்தில் நிறுவியிருக்கிறேன். தனி இழையில் இடுகிறேன்.
— ந.

ஐயா, தயவுசெய்து வெள்ளிக்குப் பிறகு.
— செ.

‘வாசற்படி நாடு’ என்றால் என்ன? ஆயாவுக்கும் புரியும். படியில் நிற்பவர் உள்ளேயும் வரலாம், திரும்பியும் போகலாம்.
— க.

ஈரானுக்குப் பொருந்தும். 2021-இலிருந்து 60 விழுக்காடு வரை செறிவூட்டினார்கள். அங்குள்ள புஷேர் அணுமின் நிலையத்துக்கு அது தேவையே இல்லை. ஜப்பானை அந்தப் படியில் நிறுத்த மனம் வரவில்லை. இரண்டுக்கும் ஒரே சொல் என்பதுதான் கோளாறே.
— வே.

நூலாசிரியரே இரண்டுக்கும் ஒரே சொல்லைத்தானே போட்டிருக்கிறார்? சொல்லைப் பிரிப்பது நம் வேலையில்லை, ஐயா. அப்புறம், வாசற்படி நாட்டை வைத்து ‘லேட்டன்ட்’ என்ற பெயரடையை எப்படி எழுதுவது? ‘வாசற்படியான’ என்றா? உள்ளுறை என்றால் பெயராகவும் நிற்கும், அடையாகவும் ஒட்டும்.
— மா.

இதுவரை உள்ளுறைத்திறனுக்கு மூவர், வாசற்படிக்கு ஒருவர், படுநெய்க்கு ஒருவர். என்னையும் சேர்த்துத்தான் மூவர். அசதியும் ஒரு காரணம். முதல் இடத்தில் மட்டும் ‘உள்ளுறைத்திறன் அல்லது லேட்டன்சி’ என்று எழுதி அனுப்பிவிட்டேன்.
— செ.

> உள்ளுறைத்திறனுக்கு மூவர்
எண்ணிக்கையால் இலக்கணம் மாறாது. என் மறுப்பைப் பதிவு செய்யவும். மேலும், 14-ஆம் பக்கத்தில் ஓரிடத்தில் ஒற்று மிகுந்திருக்கிறது.
— ந.