பொருள்: 'நியர் மிஸ்' தமிழில் என்ன? அலுவலகப் பாதுகாப்புப் படிவத்துக்கு ஒரு சொல் வேண்டும்

குறிப்பேடு எழுதியது:

குழுவினருக்கு வணக்கம். அலுவலகப் பாதுகாப்புக் கையேட்டின் சொற்பட்டியல் ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஹசார்ட் 'இடர்', ரிஸ்க் 'இடர்வாய்ப்பு', அசெம்பிளி பாயிண்ட் 'கூடுமிடம்', ஃபயர் டோர் 'தீத்தடுப்புக் கதவு' என்று போட்டாயிற்று. இவற்றில் பெரிய சண்டை வராது என்று நினைக்கிறேன். நகர மறுப்பது நியர் மிஸ் மட்டும்தான்.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். நடைவழியின் குறுக்கே மின்வடம் கிடப்பது இடர். ஒருவர் கால் அதில் மாட்டி, தடுமாறி, மேசை விளிம்பைப் பிடித்து நின்றுவிட்டால் நியர் மிஸ். விழுந்து மணிக்கட்டு முறிந்தால் விபத்து. மூன்றிலும் அதே மின்வடம்தான்.

பணியிடப் பாதுகாப்புக்காக 2018இல் வந்த ஐஎஸ்ஓ 45001 தரநிலை, காயமோ உடல்நலக் கேடோ விளைந்ததையும் விளைந்திருக்கக் கூடியதையும் சேர்த்து 'இன்சிடென்ட்' என்ற ஒரே சொல்லில் அடக்குகிறது. காயம் நேராத வகையை நியர் மிஸ், நியர் ஹிட், க்ளோஸ் கால் என்று எப்படி வேண்டுமானாலும் சொல்லலாம் என்று குறிப்பில் விட்டுவிடுகிறது. ஆங்கிலத்திலேயே மூன்று பெயர் என்றால் நம் பாடு கேட்க வேண்டாம்.

எழுதி எழுதி அடித்தவை: 'அண்மை விபத்து' (அண்மையில் நடந்த விபத்து என்று பொருள் போய்விடுகிறது), 'அருகாமைத் தவறல்' (சொல்லுக்குச் சொல் பெயர்ப்பு; ஒன்றும் புரியாது), 'தவறிய விபத்து'. கடைசியது பரவாயில்லை போல் தோன்றுகிறது. '___ அறிக்கை', '___ பதிவேடு' என்று பின்னால் சொல் ஒட்ட வேண்டும். படிவத் தலைப்பில் ஒரே வரியில் அடங்க வேண்டும். உங்கள் கருத்து?

*

சொற்கிடங்கு எழுதியது:

> 'தவறிய விபத்து'. கடைசியது பரவாயில்லை போல் தோன்றுகிறது.

அதில்தான் வில்லங்கமே. 'மிஸ்' என்பதற்குத் தமிழில் கைவசம் இருக்கும் வினைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். தவறு: குறி தவறியது, பேருந்தைத் தவறவிட்டான்; பெயர்ச்சொல்லாக நின்றால் குற்றம். தப்பு: உயிர் தப்பினான், பெயராக நின்றால் குற்றம். பிழை: உயிர் பிழைத்தாள்; பெயராக நின்றால் மறுபடியும் குற்றம். மூன்றும் ஒரே பள்ளத்தில் போய் விழுகின்றன. இருக்க வேண்டிய இடத்திலிருந்து விலகுவது என்ற கருத்தே மூன்றிலும் ஓடுகிறது என்று எனக்குப் படுகிறது. ஆபத்திலிருந்து விலகினால் பிழைப்பு, நெறியிலிருந்து விலகினால் பிழை. மொழிக்கு அது அழகு. படிவத்துக்கு ஆகாது.

'தப்பல் பதிவேடு', 'தவறல் அறிக்கை' என்று அட்டையில் எழுதி மேசைமேல் வையுங்கள். தப்புச் செய்தவர்கள் பெயர் எழுதும் ஏடு என்றுதான் பார்ப்பவர் நினைப்பார். போதாக்குறைக்கு, 'தவறிவிட்டார்' என்றால் காலமாகிவிட்டார்.

அப்படியானால் விலகலையே நேராகச் சொல்லலாமே? 'ஆபத்து விலகியது' வழக்கில் உள்ள தொடர். குற்றவாடை இல்லை. 'விலகிய விபத்து' என்று முன்மொழிகிறேன்.

*

மஞ்சள்கோடு எழுதியது:

ஐயா சொன்ன முதல் பாதியை அப்படியே வழிமொழிகிறேன். குற்றப் பொருள் ஒட்டக்கூடாது என்பது சொல்நயம் பற்றிய கவலை மட்டுமல்ல. விபத்து நடந்தால் தடயம் இருக்கும்: காயம், விடுப்பு, மருத்துவச் சீட்டு. நியர் மிஸ்ஸில் எதுவும் மிஞ்சாது. இரண்டே நொடியில் எல்லாரும் அவரவர் நாற்காலிக்குத் திரும்பிவிடுவார்கள். நேர்ந்தவரோ பார்த்தவரோ தாமாக வந்து சொன்னால்தான் உண்டு. நாசா 1976 முதல் நடத்தும் விமானப் பாதுகாப்பு அறிக்கை முறை இதை நன்றாகப் புரிந்து அமைத்தது. விமானிகள் எழுதி அனுப்புவது ஒழுங்குமுறை அமைப்புக்கு அல்ல, நாசாவுக்கு. அடையாள விவரங்கள் நீக்கப்பட்ட பிறகுதான் தகவல் வெளியே போகும். அலுவலகத்துக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனால் 'காரணமானவர் பெயர்' என்ற கட்டம் படிவத்தில் இருந்தால் முதல் மாதத்தோடு படிவம் செத்துவிடும். கையேட்டில் அந்தக் கட்டம் இருந்தால் இப்போதே எடுத்துவிடுங்கள்.

'விலகிய விபத்து' எனக்கு ஒத்துவரவில்லை. நான்கு அறைகள் கொண்ட கோப்பு அலமாரியை எடுத்துக்கொள்வோம். மேல் இரண்டு அறைகளும் நிறைந்திருக்கின்றன, கீழே காலி. இரண்டையும் ஒரே நேரத்தில் முழுதாக இழுத்தால் எடை மையம் முன்பாதத்தைத் தாண்டிவிடும். அலமாரி ஆளின் மேல் சாயும். தோளைக் கொடுத்துத் தள்ளி நிறுத்திவிட்டார், அடிபடவில்லை. இதை 'விலகியது' என்று பதிந்தால் படிக்கும் மேலாளர் நிம்மதியாகக் கோப்பை மூடுவார். எது விலகியது? ஒரு நேரத்தில் ஓர் அறைக்கு மேல் திறக்கவிடாத பூட்டு உடைந்துதான் இருக்கிறது. அலமாரி சுவரோடு திருகப்படவில்லை. பாரம் மேலேதான் இருக்கிறது. அடுத்து இழுப்பவருக்காக அப்படியே நிற்கிறது. சொல் 'முடிந்தது' என்ற தொனியைத் தரக்கூடாது.

*

எளியநடை எழுதியது:

படிவத்தை நிரப்பப்போவது மேலாளர்கள் மட்டுமல்ல. துப்புரவுப் பணியாளர், காவலர், தேநீர் தருபவர் இவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். ஈரத்தரையில் வழுக்கியது யார், எந்தக் கதவை மரக்கட்டை வைத்துத் திறந்தே வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். அகராதியைப் புரட்ட வைக்கும் சொல் வேண்டாம். 'நியர் மிஸ்' என்றே விட்டாலும் எனக்குச் சம்மதம்.

தமிழ்தான் வேண்டும் என்றால், எல்லார் வாயிலும் இருப்பது 'நூலிழையில் தப்பினார்'. சொற்கிடங்கு ஐயா 'தப்பினார்' பகுதியைத் தள்ளிவிட்டார். மிச்சம் இருக்கும் 'நூலிழை' மட்டும் போதாதா? கேட்டவுடன் மீதித் தொடர் காதில் தானாக ஒலிக்கும். 'நூலிழை நிகழ்வு'. ('மயிரிழை' வேண்டாம், படிவத்தில் எழுதினால் சிரிப்பார்கள்.)

*

சொற்கிடங்கு எழுதியது:

மஞ்சள்கோடு சொன்னது சரி; 'விலகிய'வைத் திரும்பப் பெறுகிறேன். 'வாடா மலர்' போல 'நிகழா விபத்து' என்று ஒன்று எழுதிப் பார்த்தேன், அதுவும் நிற்கவில்லை. நிகழாத விபத்துகள் எண்ணற்றவை. இங்கே ஏதோ ஒன்று நிகழ்ந்திருக்கிறது. 'ஊறிலா நிகழ்வு' என்றால் பிறந்தநாள் விழாவும் அதில் சேரும்.

'நூலிழை' நன்றாக ஒலிக்கிறது. ஒரே தடை: அது இடைவெளியின் சிறுமையைச் சொல்கிறது, பதைபதைப்பையும் கூட்டுகிறது. இரவு 2 மணிக்கு உட்கூரைப் பலகை ஒன்று பெயர்ந்து, யாரும் இல்லாத நாற்காலியின் மேல் விழுகிறது. காலையில் பார்க்கிறார்கள். இதில் நூலிழை எங்கே? ஏழு மணி நேர இடைவெளி இருக்கிறதே. ஆனால் பதிய வேண்டிய நிகழ்வு என்றுதான் நினைக்கிறேன். 'நூலிழை' என்று பெயரிட்டால் மூச்சடைக்க வைத்தவை மட்டும் வந்து சேரும்; மந்தமானவை விடுபடும்.

*

மஞ்சள்கோடு எழுதியது:

> இதில் நூலிழை எங்கே?

நல்ல கேள்வி. இதைச் சொல்லால் தீர்க்க முடியாது, வரையறையால் தீர்க்கலாம். எவ்வளவு நெருங்கியது என்று கேட்காமல், எது தடுத்தது என்று கேட்க வேண்டும். மூன்று விடைகள் வரும். தற்செயல்: நாற்காலியில் ஆள் இல்லை. உடனடி எதிர்வினை: மேசையைப் பிடித்தார், தோளைக் கொடுத்தார். மூன்றாவது, கடைசித் தடுப்பு வேலை செய்தது.

மூன்றாவதில்தான் எப்போதும் வழக்கு. மின்கெண்டியின் அடித்தட்டில் நீர் கசிகிறது. கசிவு மின்னோட்டத் துண்டிப்பி மின்சாரத்தைத் துண்டிக்கிறது. ஆட்களைக் காக்கப் பொருத்தும் துண்டிப்பி பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியரில் செயல்படுவது. 'கருவி தன் வேலையைச் செய்தது, இதில் பதிய என்ன இருக்கிறது' என்பார்கள். பிறகு ஒருவர் போய் விசையை மேலே தள்ளுவார், மறுபடி விழும், மறுபடி தள்ளுவார். கடைசித் தடுப்பு வரை போனது என்றாலே முன்னால் இருந்தவை எல்லாம் தோற்றுவிட்டன என்று பொருள். மூன்று வகையும் உள்ளே வர வேண்டும்.

இடருக்கும் இதற்கும் உள்ள எல்லைக்கோட்டையும் எழுதிவிடுங்கள். நீட்டிப்புப் பலகையில் இன்னொரு நீட்டிப்புப் பலகையைச் செருகியிருப்பது இடர். இரண்டாவதில் மாட்டிய அத்தனை கருவிகளின் மின்னோட்டமும் முதல் பலகையின் ஒரே செருகி வழியாகப் போகிறது. அங்கே தொடுமுனை தளர்ந்திருந்தால் அந்த இடம் சூடேறும். செருகி பழுப்பாகி, கருகல் வாடை வந்துவிட்டால் அது இடர் என்ற நிலையைத் தாண்டிவிட்டது. அங்கே ஏதோ நடந்திருக்கிறது, அறிக்கை வேண்டும்.

*

சொற்கிடங்கு எழுதியது:

அந்த எல்லைக்கோட்டுக்கு இலக்கணமே கைகொடுக்கும். பெயர்ச்சொல்லோடு சொல்லி முடித்துவிட்டால் இடர்: 'அவசர வழியில் அட்டைப் பெட்டிகள்'. வினைமுற்று இல்லாமல் சொல்ல முடியாவிட்டால் நிகழ்வு: 'பெட்டி சரிந்தது', 'செருகி கருகியது'. நிரப்புபவருக்கு இதைவிட எளிய சோதனை தெரியவில்லை.

வரையறை அப்படி இருக்குமானால் 'நூலிழை நிகழ்வு' மேல் எனக்கு இருந்த தடை பாதி போய்விட்டது. உட்கூரைப் பலகை மட்டும் இன்னும் உறுத்துகிறது. ஆனால் சொல் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியதில்லை. 'விபத்து' என்ற சொல்லும் சுமப்பதில்லை.

*

குறிப்பேடு எழுதியது:

நன்றி, இது நகர்கிறது. இரண்டு கேள்விகள். பதிவின் கீழ் 1:29:300 முக்கோணத்தைச் சேர்க்கலாமா? படிவத்தில் 'எடுத்த நடவடிக்கை' கட்டத்துக்கு என்ன வழிகாட்டுதல் எழுதுவது?

*

மஞ்சள்கோடு எழுதியது:

முக்கோணம் வேண்டாம். ஒரு பெருங்காயத்துக்கு 29 சிறுகாயம், 300 காயமில்லா நிகழ்வு என்று தொழிலகப் பாதுகாப்பு ஆய்வாளர் ஹைன்ரிக் 1931இல் எழுதியது உண்மை. அதை இயற்கை விதிபோல எடுத்துக்கொண்டு, 'மாதம் இத்தனை நூலிழை வர வேண்டும்' என்று இலக்கு வைப்பார்கள். மாதக் கடைசியில் 'நாற்காலிச் சக்கரம் கிறீச்சிட்டது' என்று பத்துத் தாள் வரும். அந்த விகிதம் எல்லா வேலைக்கும் பொருந்துமா என்பதே நீண்ட காலச் சர்ச்சை. சொற்பட்டியலுக்குள் அதை இழுக்காதீர்கள்.

நடவடிக்கைக் கட்டம் முக்கியம். அதில் பெரும்பாலும் வந்து உட்கார்வது ஒரே வாக்கியம்: 'கவனமாக இருக்குமாறு அறிவுறுத்தப்பட்டது.' அதை ஏற்கக் கூடாது என்றே எழுதுங்கள். குறுக்கே கிடக்கும் மின்வடத்தை வைத்தே வரிசையைக் காட்டலாம். மேசையை மின்செருகிடத்தின் பக்கம் நகர்த்தினால் வடம் நடைவழிக்கே வராது. அது நீக்கல், முதல் தரம். முடியாவிட்டால் தரையோடு படியும் வடமூடி, அது தடுப்பு. எச்சரிக்கை ஒட்டியும் அறிவுறுத்தலும் கடைசி. அதை மட்டும் செய்தால் மறுவாரம் அதே வடத்தில் வேறொரு கால். ஒட்டுநாடா பற்றிக் கேட்பார்கள்: சில நாளில் ஓரம் கிளம்பி, அதுவே புதிய தடுக்கல் ஆகும்.

பொறுப்பும் ஒரே வரியில் இருக்கட்டும். பார்த்தவர் அன்றே சொல்ல வேண்டும். சரிசெய்வது நிறுவனத்தின் வேலை, நிறுவனத்தின் செலவு. பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவு பணியாளர் தலையில் விழக்கூடாது என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1981ஆம் ஆண்டு 155ஆவது உடன்படிக்கை, 21ஆம் பிரிவில் சொல்கிறது. வடமூடியை ஊழியரே வாங்கி வரட்டும் என்ற பேச்சுக்கு அதுவே பதில்.

*

எளியநடை எழுதியது:

படிவத் தலைப்பின் கீழ் சின்ன எழுத்தில் 'அடிபடவில்லை. பட்டிருக்கலாம்' என்று போடுங்கள். இரண்டே சொல்லில் வரையறையே வந்துவிடும். கட்டங்களும் கேள்வியாகவே இருக்கட்டும்: எங்கே, எப்போது? என்ன நடந்தது? என்ன ஆகியிருக்கும்? எது தடுத்தது? உடனே என்ன செய்தீர்கள்? பெயர், விருப்பமிருந்தால்.

*

குறிப்பேடு எழுதியது:

சேர்த்தாயிற்று. பட்டியலில் போகும் பதிவு இப்படி:

நூலிழை நிகழ்வு: பணியிடத்தில் நடந்து, காயமோ உடல்நலக் கேடோ விளைவித்திருக்கக் கூடிய, ஆனால் தற்செயலாலோ ஒருவரின் எதிர்வினையாலோ கடைசித் தடுப்பாலோ அவ்வாறு விளைவிக்காத நிகழ்வு. பேச்சில் 'நூலிழை' மட்டும் போதும். 'நியர் மிஸ்' என்பதும் வழங்கும். ஒப்புநோக்க: இடர், விபத்து.

நாளை மாலை வரை மறுப்பு இல்லையென்றால் அச்சுக்கு.

*

சொற்கிடங்கு எழுதியது:

மறுப்பில்லை. ஒற்று மட்டும் பாருங்கள்: 'நூலிழை நிகழ்வு'க்கு இடையில் ஒற்று வராது, ஆனால் 'நூலிழைப் பதிவேடு', 'நூலிழைப் படிவம்' இரண்டுக்கும் 'ப்' வேண்டும். வரைவின் அட்டையில் விட்டுப்போயிருக்கிறது.