‘கிளிங்’ சங்கிலிச் சத்தமா? கே வரிசைப் பட்டியலில் ஒரு பொய்

சொல்தேடி:
சிங்கப்பூர்ப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றுகிறது. கே எழுத்தில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களும் தமிழ் விளக்கமும். கெட்டில், கிட்னி, காக்கி வரைக்கும் பொறுமையாகப் படித்தேன். ‘கிளிங்’ வந்ததும் பற்றிக்கொண்டு வந்தது. “சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகளின் கால் சங்கிலி கிளிங் கிளிங் என்று ஒலித்ததால் தமிழர்களுக்கு வந்த பெயர்” என்று எழுதியிருக்கிறார்கள். இது பொய். கலிங்கம் என்ற நாட்டுப் பெயர் மலாயில் ‘கெலிங்’ ஆனது, அதை வெள்ளைக்காரன் ‘கிளிங்’ என்றான். பட்டியல் போட்டவர் இங்கேதான் இருக்கிறார். வந்து பதில் சொல்லட்டும்.

தெம்பனிஸ்காரன்:
நான்தான் போட்டேன். ஒளிந்துகொள்ள எனக்கு அவசியம் இல்லை. ராத்திரி கண்விழித்து அத்தனை சொல்லுக்கும் பொருள் எழுதினேன், நன்றி என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரே ஒரு சொல்லைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார் புலவர். சங்கிலிக் கதை என் தாத்தா சொன்னது. அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நீங்கள் எந்தத் துறைமுகத்தில் தூக்கினீர்கள்?

சொல்தேடி:
தாத்தாவை மதிக்கிறேன். ஆனால் வருஷத்தைப் பாருங்கள். சுமாத்ராவின் பென்கூலனிலிருந்து கைதிகள் சிங்கப்பூருக்கு வந்தது 1825. தோமே பீரிஸ் என்ற போர்ச்சுகீசியர் மலாக்காவில் இருந்தது 1512 முதல் 1515 வரை. அவருடைய குறிப்பிலேயே ‘கெலிங்’ வணிகர்கள் வருகிறார்கள். முந்நூறு வருஷம் கழித்து இங்கே ஒலிக்கப்போகிற சங்கிலி அவர் காதில் எப்படி விழுந்தது?

ஈசூன் அக்கா:
தம்பிகளா, அந்தச் சொல் பட்டியலில் எதற்கு? பிள்ளைகள் படிக்கிறது. நான் படித்த பள்ளியில் அப்படிக் கூப்பிட்டுத்தான் எங்களை அழவைப்பார்கள். எடுத்துவிடுங்கள்.

தெம்பனிஸ்காரன்:
அக்கா, ஆங்கில அகராதியில் இருக்கிறது, நானும் ‘இழிசொல்’ என்றுதான் போட்டிருக்கிறேன். புலவர் கேட்டதற்கு வருகிறேன். கைதிகள் வந்தது பொய்யா? பிராஸ் பாசாவில் சிறை இருந்தது பொய்யா? செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தைக் கட்டியது யார்? 1873 வரைக்கும் இங்கே கைதிகள் இருந்தார்கள். காலில் சங்கிலி போட்டு வேலை வாங்கினார்கள். இதையெல்லாம் மறைக்கப் பார்க்கிறார்.

சொல்தேடி:
எதை மறைத்தேன்? சங்கிலி உண்மை, தேவாலயம் உண்மை. பெயர் அதிலிருந்து வரவில்லை என்கிறேன். மலாக்காவில் கம்போங் கிளிங் பள்ளிவாசல் 1748-இல் கட்டியது. அப்போது சிங்கப்பூரில் வெள்ளைக்காரன் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸ் பிறக்கவே இல்லை.

ஜூரோங் நண்டு:
நான் சங்கிலி கட்சியும் இல்ல, கலிங்கம் கட்சியும் இல்ல. கலிங்கம்னா ஒடிசா பக்கம். நாம தமிழர் லா. குலோத்துங்கன் படை போய் கலிங்கத்த அடிச்சு நொறுக்கிட்டு வந்ததுக்குத்தானே ஜெயங்கொண்டார் பரணி பாடினாரு? தோத்தவன் பேர ஜெயிச்சவனுக்கு எவன் வைப்பான்?

சொல்தேடி:
பெயர் வைத்தது நாமா? கரையில் நின்று பார்த்தவன் வைத்தான். கிழக்குக் கடற்கரையிலிருந்து வந்த கப்பல்காரர்களில் முதலில் தெரிந்த பெயரை எல்லார் தலையிலும் கட்டினான். நாம் என்ன செய்தோம்? ‘பிராங்க்’ என்ற பெயர் அரபு நாட்டு வழியாக நம்மிடம் ‘பரங்கி’ என்று வந்தது, போர்ச்சுகீசியரையும் அப்படியே கூப்பிட்டோம். இந்த ஊரிலேயே சீக்கியர்களை ‘பெங்காலி’ என்று சொன்னவர்கள் எத்தனை பேர்? பஞ்சாபிலிருந்து வந்தவர்கள் கல்கத்தாவில் கப்பல் ஏறினார்கள், அதனால் வங்காளியாகிவிட்டார்கள்.

ஜூரோங் நண்டு:
அப்ப சோழன்னு வச்சிருக்கலாமே?

சொல்தேடி:
வைத்தார்களே! ‘சூலியா’ என்ன? சோழர் பெயரிலிருந்து வந்ததாகத்தான் பலரும் கொள்கிறார்கள். ராஃபிள்ஸ் பிளேஸ் பக்கம் இருக்கிற சூலியா ஸ்திரீட்டுக்கு முன்னால் என்ன பெயர் தெரியுமா? கிளிங் ஸ்திரீட். நம் ஆட்கள் ஆட்சேபம் தெரிவித்த பிறகு, 1920களின் தொடக்கத்தில் மாற்றினார்கள்.

ஈசூன் அக்கா:
பார்த்தீர்களா, நூறு வருஷத்துக்கு முன்னாலேயே தெருவிலிருந்து எடுத்தார்கள். நீங்கள் பட்டியலில் ஏற்றுகிறீர்கள்.

புதுவரவு:
வணக்கம். நான் சென்னையிலிருந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. பட்டியல்ல ‘நைஃப்’ (கத்தி), ‘நைட்’ (போர்வீரன்), ‘நீ’ (முழங்கால்) எல்லாம் கே வரிசைல இருக்கு. எழுதுற கே-வ ஏன் சொல்றதில்ல?

தெம்பனிஸ்காரன்:
ஒருத்தராவது சொல்லைப் பற்றிக் கேட்டாரே! தம்பி, பழைய ஆங்கிலத்தில் அந்த கே ஒலித்தது. ஜெர்மன்காரர்கள் முழங்காலை இன்றைக்கும் ‘க்னீ’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒலி போய்விட்டது, எழுத்து மட்டும் நிற்கிறது. இதையெல்லாம் விளக்கி எழுதியிருக்கிறேன். இவர் கண்ணுக்குக் கிளிங் மட்டும்தான் தெரியும்.

சொல்தேடி:
கிளிங் மட்டும் இல்லை, கங்காருவும் தெரிந்தது. “வெள்ளைக்காரன் விலங்கின் பெயரைக் கேட்டான், அங்கிருந்தவர் ‘எனக்குத் தெரியாது’ என்றார், அதுதான் கங்காரு” என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கட்டுக்கதை. 1770-இல் ஆஸ்திரேலியாவில் கேப்டன் குக்கின் கப்பல் பழுதாகி நின்ற ஆற்றங்கரையில் பேசப்பட்ட கூகு இமிதிர் மொழியில் ‘கங்குர்ரு’ என்பது ஒருவகைக் கங்காருவுக்கே பெயர். 1970களில் ஒரு மொழியியலாளர் அங்கேயே போய் உறுதி செய்தார். கதை கேட்க நன்றாக இருந்தால் போதும், எழுதிவிடுவீர்கள். கிளிங் கதையும் அதே ரகம்.

தெம்பனிஸ்காரன்:
தேக்கா வாசகர் சந்திப்பில் எல்லார் முன்னாலும் என்னைத் திருத்தினீர்களே, அந்தப் பழக்கம் போகவில்லை. சரி, உங்கள் வருஷக் கணக்குக்கே வருகிறேன். பினாங்குக்குக் கைதிகள் 1790களிலேயே வந்துவிட்டார்கள். அப்போதே சங்கிலி இருந்தது.

சொல்தேடி:
1790 முந்தியதா, 1512 முந்தியதா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லும்.

கோப்பி ஓ:
‘கில்லர் லிட்டர்’ இருக்கு, 2016-ல ஆக்ஸ்ஃபர்ட் அகராதில சேர்த்தாங்க. மாடிலேர்ந்து கண்டத கீழ எறிஞ்சு ஆளக் கொல்ற குப்பை, நம்ம வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) சொல். ‘கியாசு’ (தோத்துடுவோமோன்னு பயந்து முந்துறது) அதுக்கு முன்னாலேயே போயிடுச்சு. இதப் பத்தி யாரும் வாயத் திறக்கல.

ஜூரோங் நண்டு:
அத விடு. கே வரிசைல சுத்தமான தமிழ்ச் சொல் ஒண்ணு இருக்கு: கங்காணி. ஆங்கில அகராதில ஏறியாச்சு. தோட்டத்துக்கு ஆள் சேர்த்தவன், ஆள மேய்ச்சவன். அது மட்டும் தெம்பனிஸ்காரர் பட்டியல்ல காணோம். ஏன்னு எனக்குத் தெரியும். ஜொகூர் தோட்டத்துல யார் குடும்பம் பிரம்போட நின்னுச்சுன்னு எங்க பாட்டி சொல்லியிருக்கு.

தெம்பனிஸ்காரன்:
குடும்பத்தை இழுக்காதே. என் தாத்தா மூட்டை தூக்கியவர் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். படிக்கத் தெரியுமா?

ஜூரோங் நண்டு:
அது அப்பா வழித் தாத்தா. நான் அம்மா வழியச் சொல்றேன்.

சொல்தேடி:
இருவரும் பேச்சை மாற்றாதீர்கள். 1886-இல் வந்த ஹாப்சன் ஜாப்சன் அகராதியும் கலிங்கம் என்றுதான் சொல்கிறது. பழைய மலாய் வரலாற்று நூலான செஜாரா மெலாயுவில் ‘பெனுவா கெலிங்’ என்று ஒரு நாடே வருகிறது. சங்கிலிச் சத்தத்துக்கு நாடு உண்டா? பினாங்கில் நம் தலைவருக்குக் ‘கப்பித்தான் கெலிங்’ என்று பட்டம், அந்தப் பெயரில் பள்ளிவாசல் நிற்கிறது. கைதியின் விலங்கைப் பட்டமாகச் சூட்டுவார்களா? வணிகனாகக் கப்பலில் வந்தவனுக்கு இருந்த பெயர் அது. பின்னால் வந்தவர்கள் அதை வசையாக்கினார்கள். நீங்கள் அந்த வசைக்கு ஒரு பிறப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுத்து, நம் பிள்ளைகள் கையிலேயே தருகிறீர்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை.

தெம்பனிஸ்காரன்:
ஹாப்சன் ஜாப்சன் வெள்ளைக்காரன் எழுதியது. என் தாத்தா தமிழர்.

ஈசூன் அக்கா:
கலிங்கமோ சங்கிலியோ, எங்களை அழவைத்தவன் வரலாறு படித்துவிட்டா கூப்பிட்டான்? எடுக்கிறீர்களா இல்லையா?

சொல்தேடி:
அக்கா, எடுத்தால் பொய் மட்டும் வாய்வழியாகத் தங்கிவிடும். திருத்தி எழுதவேண்டும்.

ஈசூன் அக்கா:
உங்களுக்குப் பிள்ளை இருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்.

ஜூரோங் நண்டு:
எப்படிப் பாத்தாலும் ஒடிசாக்காரன் பேர நான் ஏத்துக்கமாட்டேன்.

தெம்பனிஸ்காரன்:
வெள்ளிக்கிழமை எல் வரிசை வருகிறது. கே வரிசையில் ஒரு எழுத்தும் மாறாது. வேலையில்லாதவர்கள் அதிலும் குற்றம் கண்டுபிடிக்கலாம்.

சொல்தேடி:
எல் வரிசை இருக்கட்டும். 1512-க்குப் பதில் எங்கே?