புதுப்பிப்பு: ரிக் அணைந்து போன கதை, பவர் சப்ளை குற்றவாளி இல்லை

100 வாட்டில் பேச ஆரம்பித்ததும் என் ஹெச்எஃப் ரிக் (ஹாம் ரேடியோவில் சிற்றலையில் பேசும், கேட்கும் பெட்டி) அணைந்து விடுகிறது, பவர் சப்ளையை மாற்றலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நல்லவேளை, மாற்றவில்லை.

"ரிக்கின் முனையிலேயே, அதுவும் ட்ரான்ஸ்மிட் செய்யும்போது வோல்ட் அளந்து பார்" என்று ஒருவர் சொன்னார். அளந்தேன். சப்ளையில் 13.8, ரிக்கில் 11.5! நடுவில் 2.3 வோல்ட் காணோம், ரிக் அணைந்ததும் அதனால்தான். ஃபியூஸ் ஹோல்டரைத் தொட்டால் கை சுட்டது. திறந்து பார்த்தால் பிளாஸ்டிக் இளகி, உள்ளே தகடு கறுத்துப் போயிருந்தது. அதில் மட்டும் 1.3 வோல்ட் விழுந்தது. 22 ஆம்பியர் ஓடும்போது அது கிட்டத்தட்ட 29 வாட் சூடு, சின்ன சால்டரிங் அயர்ன் மாதிரி. மீதி இழப்பு, 3 மீட்டர் நீளத்துக்கு நான் இழுத்து வைத்திருந்த 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில். சோம்பேறித்தனம்தான்.

இப்போது 6 சதுர மில்லிமீட்டர் வயர், ஒன்றரை மீட்டர், புது ஹோல்டர். முழு பவரிலும் ரிக்கில் 13.5 நிற்கிறது.

அப்புறம், ரிக்கில் கேட்டுக்கொண்டிருந்த ஒரு இரைச்சல். ரிக்கை பேட்டரியில் ஓட்டி சப்ளையை அணைத்தேன், இரைச்சலும் போனது. ஆக அது ஸ்விட்சிங் சப்ளையின் (மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்து மாற்றும் வகை பவர் சப்ளை) வேலைதான். சப்ளையிலிருந்து ரிக்குக்கு வரும் டிசி வயரை ஃபெரைட் வளையத்தில் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப் பொருள் வளையம்) ஏழு சுற்று சுற்றியதில் 40 மீட்டர் பேண்ட் (அந்த அலைநீளத்தை ஒட்டிய அலைவரிசை) அமைதியாகி விட்டது. 80 மீட்டரில் இன்னும் கொஞ்சம் கேட்கிறது. அடுத்து ஏசி வயரிலும் ஒரு வளையம் போட்டுப் பார்க்கப் போகிறேன்.