ரீமில ஒருத்தர் "நான் கே" எண்டு சொன்னால் என்ன நடக்கும்? கண்டதைச் சொல்லுங்கோ

பழைய லெஃப்ட் பேக்:

வணக்கம் எல்லாருக்கும். நான் இப்ப விளையாடுறேல்லை, எங்கட கழகத்து அண்டர் 19 பொடியளுக்குப் பின்னேரத்தில பிரக்டிஸ் குடுக்கிறன். போன கிழமை பிரக்டிஸ் முடிய ஒருத்தன்ர போனில செக் நாட்டு மிட்ஃபீல்டர் யாக்குப் யாங்க்டோவின்ர வீடியோ ஓடிச்சுது, 2023 பெப்ரவரியில தான் கே, அதாவது ஆணை விரும்புற ஆண் எண்டும் இனி ஒளிச்சு வாழ விருப்பமில்லை எண்டும் சொல்லிப் போட்டவரெல்லோ, அது. உடன எல்லாரும் சுத்திவர நிண்டு கதைக்கத் தொடங்கிட்டாங்கள். உப்பிடி ஒராள் இருந்தால் ரீம் உடைஞ்சிடும் எண்டு ஒருத்தன் சொன்னான். இன்னொருத்தன், கொஞ்சம் அமைதியான பொடியன், "அண்ணை எங்கட ரீமில ஆரும் அப்பிடிச் சொன்னால் என்ன செய்வியள்" எண்டு கேட்டான். பிரக்டிஸுக்கு ஒழுங்கா வந்தால் விளையாடுவான், வராட்டி வெளியில இருப்பான், எல்லாருக்கும் இருக்கிற அதே சட்டம்தான் எண்டு சொன்னன்.

ஆனா வீட்டை வந்தும் அந்தக் கேள்வி விடேல்லை. ஏனெண்டால் யாங்க்டோ அதே வருஷம் இத்தாலிக்குப் போய் கால்யாரிக்கு அங்கத்தைய முதல்தர லீக் சீரி ஆவில விளையாடினவர், அவுஸ்திரேலியாவின்ர அடிலெய்ட் யுனைடெட் ஜோஷ் கவாலோ 2021 ஒக்டோபரில சொல்லிப்போட்டு அதே ரீமிலதான் தொடர்ந்து விளையாடினவர், இதெல்லாம் பொடியளுக்குத் தெரியும், ஆனா அது வெள்ளைக்காரன்ர ஊர் எண்டு ஒரே வரியில முடிச்சுப் போடுறாங்கள். அதால எங்கட கிரவுண்டுகளில நடந்தது வேணும். ஆக்களின்ர பேர், கழகத்தின்ர பேர், வருஷம், ஒண்டும் போடாதேங்கோ, ஆளை மட்டுக்கட்டக்கூடிய எதுவும் வேண்டாம், அது எனக்கு முக்கியம்.

கோல்கம்பத்தடி:

அண்ணை நான் கீப்பர், எனக்கு முன்னால சென்டர் பேக்கா விளையாடின பொடியன்ர கதை இது. அவனிட்டைக் கேட்டுத்தான் எழுதுறன், எழுது எண்டு சொன்னவன்.

கோர்னர் வந்தால் முதல் தலை அவன்ர தலையாத்தான் இருக்கும், அவன் நிண்டால் எனக்குப் பாதி வேலை இல்லை. தன்ரை விஷயத்தை கப்டனுக்கு மட்டும் சொல்லி வைச்சிருந்தவன். எப்பிடியோ ஒரு ஸ்கிரீன்ஷொட் வெளிய போய், மின்னொளிச் சுற்றுப்போட்டி செமி ஃபைனலுக்கு முதல்நாள் இரவு ஊர் வட்ஸ்அப் குரூப் எல்லாத்திலயும் ஓடிச்சுது. அடுத்தநாள் அவன் வரமாட்டான் எண்டுதான் நான் நினைச்சன், ஆனா பூட்ஸோட வந்து நிண்டான், முகம் மட்டும் வெளிறிப்போய். ஆரும் கதைக்கேல்லை. நாங்கள் உடுப்பு மாத்துறது வேப்பமரத்தடியில, அவன் வந்து நிக்க ரெண்டு பேர் தங்கட பாக்கைத் தூக்கிக்கொண்டு மற்றப்பக்கம் போட்டாங்கள்.

கப்டன் அதைப் பாத்திட்டு எல்லாரையும் கூப்பிட்டார். அவர் பெரிசாப் பேசுற ஆளே இல்லை, மேசன் வேலை செய்யிறவர். "இவன் எனக்கு முந்தியே சொன்னவன், எனக்குப் பிரச்சினை இல்லை, இவனோட விளையாட ஏலாத ஆக்கள் ஜேர்சியைக் கழட்டி வைச்சிட்டுப் போகலாம், இருக்கிற ஆக்களோட நான் இறங்குவன்." அவ்வளவுதான். ஒருத்தரும் கழட்டேல்லை. தள்ளிப் போன ரெண்டு பேரும் திரும்பி வந்தவங்கள் எண்டு சொல்லமாட்டன், அங்கயே இருந்து பூட்ஸ் கட்டினாங்கள், ஆனா இறங்கினாங்கள்.

நான் கோலுக்குள்ள நிக்கிறதால எல்லாம் தெரியும். முதல் பாதியில எங்கட மிட்ஃபீல்டர் ஒராள் அவனுக்குப் பந்து பின்னால குடுக்கவே இல்லை, அவன் ஆளில்லாமல் ஃபிரீயா நிக்கிறான், கையைத் தூக்கிக் கேக்கிறான், இவன் அதைப் பாத்தும் அந்தரப்பட்டு முன்னுக்கு அடிச்சுப் பந்தைக் குடுத்திட்டு நிக்கிறான். அப்பிடி ஒருக்காப் பறிகுடுத்த பந்திலதான் எங்களுக்குக் கோல் விழுந்தது. ரீம் உடையிறது எண்டால் அதுதானே அண்ணை, ஆனா அதைச் செய்தது சென்டர் பேக் இல்லை. ஹாஃப் டைமில கப்டன் அந்த மிட்ஃபீல்டரை வெளியில இருத்தினார். ஊருக்குள்ள செல்வாக்கான குடும்பம், இருத்தினதுக்குப் பிறகு கன பிரச்சினை வந்தது, அவர் அசையேல்லை.

ரெண்டாம் பாதியில சனத்துக்குள்ள இருந்து அந்தச் சொல்லைச் சொல்லிக் கத்தத் தொடங்கிச்சினம், நான் இஞ்ச எழுதமாட்டன். வர்ணனை செய்யிற அண்ணை மைக்கில "இது எங்கட ஊர்ப் பிள்ளை, பந்தைப் பாத்துக் கத்துங்கோ" எண்டு சொன்னார், அவருக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை. கத்தல் முழுக்க நிக்கேல்லை, ஆனா நல்லாக் குறைஞ்சது. 1-1 ஆக்கி பெனால்ரியில தோத்துப் போனம். அவன் தன்ரை பெனால்ரியை அடிச்சவன், விட்டது நானும் இன்னொருத்தனும். தோத்ததுக்கு அவன்தான் காரணம் எண்டு அண்டைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

பேர் வேண்டாம்:

நான் வாசிக்கிறதுக்குத்தான் வந்தனான், கீப்பர் அண்ணை எழுதினதைக் கண்டு எழுதுறன். நான் கே. விளையாடினது விங்கில. இஞ்ச ஒரு கழகத்தில நல்லா விளையாடிக்கொண்டிருந்து, ஆருக்கும் சொல்லாமல் விட்டுட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போனன்.

எனக்கு ஆரும் அடிக்கேல்லை, ஆரும் கலைக்கேல்லை. என்னெண்டால், ஒவ்வொரு பிரக்டிஸும் முடிய ஒரு பகிடி, பந்தை விட்டால் ஒரு சொல்லு, பயந்து ஒதுங்கினால் அதே சொல்லு, எல்லாரும் சிரிப்பினம், நானும் சேந்து சிரிக்கவேணும், சிரிக்காட்டி ஏன் சிரிக்கேல்லை எண்டு பாப்பினம். தொண்ணூறு நிமிசம் ஓடுற களைப்பைவிட அது பெரிய களைப்பு. கவாலோவும் தான் ரெண்டு வாழ்க்கை வாழ்ந்து களைச்சுப் போனன் எண்ட மாதிரித்தான் சொன்னவர், அதைக் கேட்டிட்டு நான் அழுதனான். அந்த ரீமில என்னை வெறுத்த ஆள் ஒருத்தரும் இல்லை எண்டு இண்டைக்கும் நம்புறன். ஆனா எனக்கு அதைத் தெரிஞ்சுகொள்ள ஒரு வழியும் இருக்கேல்லை, ஏனெண்டால் கோச்சோ கப்டனோ ஒருநாளும் அந்தப் பகிடியை நிப்பாட்டேல்லை.

சட்டமும் கிடக்கு. 1883இல பிரிட்டிஷ்காரன் கொண்டுவந்த தண்டனைச் சட்டக்கோவையின்ர 365, 365அ, ஒரே பாலார் உறவைக் குற்றமாக்கிற பிரிவுகள், அதை மாத்துற சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை எண்டு 2023 மே மாசம் உயர் நீதிமன்றம் சொன்னது, ஆனா சட்டம் இன்னும் மாறேல்லை. இங்கிலாந்தில 17 வயசுப் பொடியன் சொல்லலாம், நீயேன் சொல்லேல்லை எண்டு கேக்கிற ஆக்கள் அதையும் யோசிக்கவேணும். உங்கட அந்த அமைதியான பொடியனுக்கு நீங்கள் சொன்ன மறுமொழி நல்ல மறுமொழி அண்ணை. எனக்கு ஒராள் அப்பிடிச் சொல்லியிருந்தால் நான் விட்டிருக்கமாட்டன்.

பத்திரிகைக்காரன்:

விளையாட்டுச் செய்தி எழுதுறனான். கோல்கம்பத்தடி சொன்ன சம்பவமா வேறயா எண்டு தெரியாது, தெரியவும் வேண்டாம், உப்பிடி ஒரு கதை வெளிய வந்த நேரம் எனக்கு ஒரு இடத்தில இருந்து போன் வந்தது, பொடியன்ர படமும் வீட்டு விலாசமும் எடுத்துத் தா, நல்லா ஓடும் எண்டு. நான் மாட்டன் எண்டிட்டன். அடுத்தநாள் போனும் கையுமா ஒரு யூரியூப்காரர் கிரவுண்ட் வாசலில நிண்டு சின்னப் பொடியளிட்டை மைக்கை நீட்டி "உங்கட ரீமிலயாமே" எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறார். அதுகள் பதினாலு பதினைஞ்சு வயசுப் பிள்ளையள்.

ஆர் முதல் சொல்லுறது எண்டதில ஒரு உயிரே இருக்குது. ஜஸ்டின் ஃபஷானுவைப் பாருங்கோ. 1981இல நொரிச்சில இருந்து நொட்டிங்காம் ஃபொரஸ்டுக்கு 10 லட்சம் பவுண்ஸுக்குப் போனவர், பிரித்தானியாவில அந்த விலைக்குப் போன முதல் கறுப்பின வீரர். கே கிளப்புகளுக்குப் போறார் எண்டு அறிஞ்ச மனேஜர் பிரையன் கிளஃப் அவரை ரீமோட பிரக்டிஸ் செய்யவே விடேல்லை. 1990இல தான் கே எண்டு அவர் சொன்னதைச் சன் பேப்பர் முன்பக்கத்தில பெரிசாப் போட்டது, தம்பி ஜோனும் பேர்பெற்ற வீரர்தான், அவரே பேப்பரில அண்ணனை ஒதுக்கிக் கதைச்சார், பிற்காலத்தில அதுக்காக வருந்தினவர். 1998 மே மாசம் 37 வயசில ஜஸ்டின் போய்ச் சேந்திட்டார். அதுக்குப் பிறகு பிரித்தானிய ஆண்கள் புரொஃபெஷனல் ஃபுட்போலில விளையாடிக்கொண்டிருக்கேக்க பகிரங்கமாச் சொன்ன அடுத்த ஆள் 2022 மே மாசம் பிளாக்பூல் ஜேக் டானியல்ஸ். ஃபஷானு சொல்லி 32 வருஷம்.

டானியல்ஸ் முதல் தாய்க்கும் சகோதரிக்கும் சொன்னார், அடுத்தநாள் மட்ச்சில 4 கோல் அடிச்சார், ரீமுக்கும் கழகத்துக்கும் சொன்னார், பேட்டி கடைசியாத்தான். அந்த ஒழுங்கை அவரே தீர்மானிச்சவர். அமெரிக்க வீரர் ரொபி ரோஜர்ஸ் 2013 பெப்ரவரியில சொல்லேக்க 25 வயசு, சொன்ன கையோட விளையாட்டையே விட்டவர், நிருபர்மார் நெடுக அதையே கேப்பினம் எண்ட யோசனை அவருக்கு இருந்தது. ஆனா சில மாதத்தில லொஸ் ஏஞ்சலிஸ் கலக்ஸிக்குத் திரும்பி வந்து 2014இல அமெரிக்க லீக்கின்ர எம்எல்எஸ் கப்பும் எடுத்தவர். என்ரை தொழில்காரருக்குச் சொல்லுறன், பொடியன் தானா வந்து பேட்டி தந்தால் எடுங்கோ, அதுக்கும் பிறகு அவன் அடிச்ச கோலைப் பற்றியும் கேளுங்கோ.

கிழக்கு கலரி:

எல்லாம் சரி, ஆனா விளையாட்டுக்குள்ள இதெல்லாம் ஏன் கொண்டு வரவேணும்? வீட்டு விஷயம் வீட்டோட இருக்கட்டுமே. கட்டார் 2022 உலகக் கிண்ணத்தில, வேற்றுமை பாக்காதேங்கோ எண்டு காட்டுற "வன் லவ்" கைப்பட்டியைக் கப்டன்மார் கட்டுறதோ விடுறதோ எண்டு சண்டை பிடிச்சு, ஜேர்மன்காரர் வாயைப் பொத்திப் படம் எடுத்து, ஜப்பானிட்டை 2-1 தோத்து, முதல் சுற்றோட வீட்டை போனவை.

ஏழாம் நம்பர்:

அண்ணா, நான் பெண்கள் ரீமில விளையாடினனான், தெல்லிப்பழைப் பக்கம். கட்டாரில அந்தக் குழப்பம் எப்பிடி வந்தது? கைப்பட்டி கட்டினால் கப்டனுக்கு மஞ்சள் அட்டை எண்டு ஃபிஃபா வெருட்டினபடியால் 7 ஐரோப்பிய ரீமும் பின்வாங்கினவை. அங்க கே எண்டு சொல்லிக்கொண்டு எந்த வீரரும் ஜேர்மன் ரீமைக் குழப்பேல்லை.

2019 பெண்கள் உலகக் கிண்ணத்தை அமெரிக்கா எடுத்தது. ராப்பினோ 6 கோல், தங்கப் பந்தும் தங்கப் பாதணியும் அவவுக்குத்தான், 2012இலயே வெளிப்படையாச் சொன்னவ. கோச் ஜில் எலிஸும் ஒரு பெண்ணைக் கலியாணம் கட்டினவ. அதே ரீமில அஷ்லின் ஹரிஸும் அலி கிரீகரும் கலியாணத்துக்கு நிச்சயம் பண்ணின சோடி. அந்த ரீம் உடைஞ்சிருக்கவேணுமெல்லோ.

வீட்டு விஷயம் எண்டு சொல்லுறியள், சரி. எங்கட பெட்டையள் குட்டையாத் தலைமயிர் வெட்டினாலே கிரவுண்டுக்கு வெளியில நிண்டு கேள்வி கேக்கிற சனம் அதை வீட்டோட விடேல்லையே. எங்கட ரீமில ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் விரும்பினவை, எங்கள் எல்லாருக்கும் தெரியும், அது எங்களுக்குச் சாதாரணம். ரீம் குழம்பினது ஒரேயொருக்காத்தான், ஒரு அம்மா வந்து தன்ர மகளை நிப்பாட்டினபோது. மாஸ்டர் அந்த வீட்டுக்குப் போய்ப் போய்க் கதைச்சு, பிள்ளை திரும்பி வந்தது. அவர் ஒருநாளும் எங்களிட்டை "என்ன நடக்குது" எண்டு கேக்கவே இல்லை, "நாளைக்கு எத்தினை மணிக்கு வாறியள்" எண்டுதான் கேப்பார்.

கிழக்கு கலரி:

தங்கச்சி, அந்த ரீம் கதை எனக்குத் தெரியாது. யோசிக்கிறன்.

ரொறொன்ரோவில இருந்து:

ஒண்டைச் சொல்லிப்போட்டுப் போறன். 2020 செப்டம்பரில அமெரிக்காவின்ர சான் டியேகோ லோயல் கழகம் 3-1 எண்டு முன்னுக்கு நிக்குது, எதிர்ரீம் ஆள் ஒருத்தர் லோயல் வீரர் கொலின் மார்ட்டினை, அவர் தான் கே எண்டு 2018இலயே வெளிப்படையாச் சொன்னவர், கேவலமாப் பேசிப்போட்டார். ரெண்டாம் பாதி தொடங்க ரீம் முழுக்க முழங்காலில இருந்திட்டு வெளிய போட்டுது. கோச் லாண்டன் டொனவன். வெல்லுற மட்ச் போச்சு, பிளே ஓஃப் வாய்ப்பும் அதோட போச்சு. இஞ்ச எங்கட தமிழ்ப் பொடியளின்ர லீக்கில அதைப் பற்றிக் கதைச்சனாங்கள், ரீம் ஒற்றுமைக்கு அதைவிட என்ன வேணும் எண்டு கன பேர் சொன்னவை. சிலர் நிண்டு வெண்டு காட்டியிருக்கலாம் எண்டவை, அதுவும் நியாயம்தான்.

விசில்:

ரெஃபரியா இருக்கிற ஆள் எழுதுறன். வெளிய போகமுதல் ஒரு வழி இருக்குது, இஞ்ச கன கழகங்களுக்குத் தெரியாது. சனமோ வீரரோ உப்பிடிக் கேவலமாக் கத்தினால் ஃபிஃபா சொல்லுறது மூண்டு படி. முதல், ரெஃபரி மட்ச்சை நிப்பாட்டி மைக்கில அறிவிக்கச் சொல்லலாம். திரும்பவும் நடந்தால் ரெண்டு ரீமையும் கொஞ்ச நேரம் உள்ளுக்கு அனுப்பலாம். மூண்டாவது, மட்ச்சைக் கைவிடலாம். நான் முதல்படியை ஒரு சுற்றுப்போட்டியில செய்தனான், ஏற்பாட்டுக்காரர் கோபப்பட்டவை, நேரம் போகுது, லைட்டுக்குக் காசு எண்டு. ஆனா அறிவிச்சவை.

பழைய லெஃப்ட் பேக்:

விசில் அண்ணை, எங்கட கழகத்துச் சுற்றுப்போட்டி ஆவணியில. மட்ச்சுக்கு முதல் கப்டன்மார் கூட்டம் வைப்பம், அதில வந்து அந்த மூண்டு படியையும் நீங்களே சொல்லுவீங்களோ? உடுப்பு மாத்துற இடத்தில போனில படம் எடுக்கக்கூடாது எண்டதையும் அண்டைக்கே போடப்போறம். வர்ணனைக்கும் ஒராள் தேடுறம், கோல்கம்பத்தடி, உங்கட அந்த அண்ணையின்ர நம்பரை எனக்குத் தனியா அனுப்புங்கோ.