பியூர் டேட்டா: பின்னூட்டச் சுற்றில் 64 சாம்பிளுக்குக் குறைவான தாமதம் கிடைக்கவில்லை

கேள்வி

பியூர் டேட்டாவில் (ஆப்ஜெக்ட்களைக் கம்பிகளால் இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருள்) கார்ப்ளஸ்-ஸ்ட்ராங் முறையில் (இரைச்சலைத் தாமதச் சுற்றில் சுழலவிட்டுத் தந்தி ஒலி பெறும் முறை) ஒரு தந்தி ஒலியை உருவாக்கி வருகிறேன். குறுகிய இரைச்சல் துணுக்கு ஒன்று டெல்ரைட்~ என்ற எழுதும் ஆப்ஜெக்ட் வழியாகத் தாமத வரிக்குள் (ஒலியைச் சிறிது நேரம் தேக்கிவைக்கும் இடம்) செல்கிறது. டெல்ரீட்~ அதைப் படிக்கிறது. அடுத்தடுத்த இரண்டு சாம்பிள்களின் (ஒலியின் தனித்தனி எண் மதிப்புகள்) சராசரி எடுக்கப்பட்டு, 0.99 ஆல் பெருக்கப்பட்டு, மீண்டும் அதே டெல்ரைட்~ க்குள் நுழைகிறது. சாம்பிள் வீதம் வினாடிக்கு 44100. பிளாக் அளவை மாற்றவில்லை.

கீழ்ச் சுரங்கள் நன்றாகவே ஒலிக்கின்றன. ஆனால் 698 ஹெர்ட்ஸ் வேண்டும் என்றாலும், 880 வேண்டும் என்றாலும், அதற்கு மேல் எதைக் கேட்டாலும் வெளிவருவது ஏறத்தாழ 684 ஹெர்ட்ஸ் மட்டுமே. கன்சோலில் பிழைச்செய்தி எதுவும் இல்லை. தாமத நேரத்தை எவ்வளவு குறைத்தாலும் சுருதி அசையவில்லை. இதற்கு அப்பால் இரண்டு சிறு குறைகளும் உள்ளன: 440 ஹெர்ட்ஸ் கேட்டால் அளவியில் 438.8 காட்டுகிறது, மேலே போகப் போக ஒலி மிக விரைவாகத் தேய்ந்து மறைகிறது. இவை மூன்றுக்கும் காரணம் ஒன்றுதானா, வெவ்வேறா?

மறுமொழி 1

சுருதி ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் பிளாக் அளவு. பியூர் டேட்டா ஒலியைச் சாம்பிள் சாம்பிளாகக் கணக்கிடுவதில்லை. 64 சாம்பிள்களை ஒரு பிளாக்காக எடுத்து, ஒவ்வொரு ஆப்ஜெக்டையும் அந்தப் பிளாக் முழுவதற்கும் ஒருமுறை இயக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்கிறது. 44100 வீதத்தில் ஒரு பிளாக் 1.45 மில்லிவினாடி. அதைவிடக் குறைவாக நீங்கள் கேட்டால் டெல்ரீட்~ எச்சரிக்கை ஏதும் இன்றி ஒரு பிளாக்கிலேயே நின்றுவிடும்.

எந்த ஆப்ஜெக்ட் முதலில் இயங்குகிறது என்பதைப் பொறுத்து இந்த எல்லை மாறும். எழுதுவது முதலிலும் படிப்பது பின்னரும் நடந்தால் தாமதத்தைச் சுழியம் வரைகூடக் குறைக்கலாம். இரண்டையும் தனித்தனி சப்பேட்ச்களில் (பேட்ச் எனப்படும் இணைப்பு வரைபடத்துக்குள் அமையும் உட்பகுதிகள்) வைத்து, எழுதும் சப்பேட்சிலிருந்து படிக்கும் சப்பேட்சுக்கு ஒரு வெற்று ஒலிக்கம்பியை இழுத்தால் வரிசை உறுதியாகிவிடும். மென்பொருளுடன் வரும் ஒலி எடுத்துக்காட்டுகளில் ஜி05 என்ற எண்ணுள்ள பேட்ச் இதைத்தான் விளக்குகிறது.

மறுமொழி 2

மேலே சொன்ன வரிசை உத்தி சரியானதே. ஆனால் அது ஃப்ளாஞ்சர், கோரஸ் போல முன்னோக்கி மட்டும் செல்லும் தாமதங்களுக்கு உரியது. கேட்டவரின் பேட்சுக்கு அது உதவாது. பின்னூட்டச் சுற்றில் படித்த ஒலியிலிருந்துதான் எழுத வேண்டிய ஒலி உருவாகிறது. ஆகவே டெல்ரீட்~ முதலிலும் டெல்ரைட்~ பின்னரும் இயங்கியே ஆக வேண்டும். அதை வலிந்து மாற்ற வெற்றுக்கம்பி இழுத்தால் சுற்று நேரடியாக மூடிக்கொள்ளும், பியூர் டேட்டாவும் டிஎஸ்பி சுற்று என்று பிழை காட்டி அப்பகுதியை இயக்க மறுக்கும். எனவே பின்னூட்டத்தில் ஒரு பிளாக் என்பது தவிர்க்க முடியாத குறைந்தபட்சம். தவிர்க்க முடியாதது பிளாக்தானே தவிர, அதில் 64 சாம்பிள் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

நீங்கள் அளந்த 684 என்ற எண்ணே இதற்குச் சான்று. 44100 ஐ 64 ஆல் வகுத்தால் 689 வரும்; உங்கள் சராசரி வடிப்பான் தன் பங்குக்கு அரை சாம்பிள் தாமதத்தைச் சேர்ப்பதால் சுற்றின் மொத்த நீளம் 64.5 ஆகி, விடை 683.7 ஆகிறது. 440 க்கான குறையும் அந்த அரை சாம்பிளிலிருந்து வருவதே. 440 க்கு வேண்டிய நீளம் 100.23 சாம்பிள், டெல்ரீட்~ முழு எண்ணாக்கி 100 எடுக்கிறது, அத்துடன் அரை சேர்ந்து 100.5, அதாவது 438.8 ஹெர்ட்ஸ். இங்கே குறை 5 சென்ட்டுக்கும் (ஒரு சென்ட் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) கீழ்தான் என்பதால் பலர் பொருட்படுத்த மாட்டார்கள். ஆனால் 880 ஹெர்ட்ஸில் அரை சாம்பிளை மறந்தால் மட்டுமே 17 சென்ட் இறங்கிவிடும். அதைச் சாதாரணக் காதே கண்டுபிடித்துவிடும்.

செய்ய வேண்டியது இதுதான். டெல்ரைட்~, படிக்கும் ஆப்ஜெக்ட், வடிப்பான், பெருக்கி ஆகியவற்றை மட்டும் ஒரு சப்பேட்சுக்குள் கொண்டுபோய், அதில் பிளாக்~ 1 என்று இடுங்கள். எழுதுவதும் படிப்பதும் அதே சப்பேட்சில் இருக்க வேண்டும். இரைச்சல் துணுக்கும் அதன் என்வலப்பும் (ஒலியளவின் ஏற்ற இறக்க வடிவம்) வெளியிலேயே இருந்து இன்லெட்~ என்ற நுழைவாயில் வழியாக வரட்டும். சிறிய பிளாக்குக்கு மாறுவதால் கூடுதல் தாமதம் ஏற்படாது. டெல்ரீட்~ க்குப் பதிலாக விடி~ பயன்படுத்தினால் (புதிய பதிப்புகளில் டெல்ரீட்4~ என்ற பெயரும் உண்டு) சாம்பிள்களுக்கு இடைப்பட்ட பின்ன நீளமும் கிடைக்கும். அதற்குக் கொடுக்கும் தாமதத்திலிருந்து அரை சாம்பிளை முன்னதாகவே கழித்துவிடுங்கள்.

மேக்ஸ் என்ற இதே வகை மென்பொருளைப் பயன்படுத்துவோருக்கும் நிலைமை இதுவே: டேப்பின்~, டேப்பவுட்~ என்ற தாமத இணை ஒரு சிக்னல் வெக்டருக்கு (அங்கே பிளாக்கின் பெயர்) கீழே இறங்காது, சாம்பிள் அளவிலான சுற்று வேண்டுமானால் ஜென்~ க்குள் சென்று ஹிஸ்டரி அல்லது டிலே ஆப்ஜெக்டைப் பயன்படுத்த வேண்டும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. பிளாக்~ 1 இட்டவுடன் 880 சரியாக வந்தது, அரை சாம்பிளைக் கழித்ததும் சுருதியும் ஒத்துப்போகிறது. ஆனால் ஒரே தந்தியைப் பல பிரதிகளாக்கியபோது செயலியின் சுமை கடுமையாக ஏறிவிட்டது. எஃப்எக்ஸ்பிஆர்~ (கோவையைச் சாம்பிள் வாரியாகக் கணக்கிடும் ஆப்ஜெக்ட்) மூலம் எழுதினால் சுமை குறையுமா? உயர் சுரங்கள் விரைவாகத் தேய்வதும் இன்னும் அப்படியேதான் உள்ளது.

மறுமொழி 2

எஃப்எக்ஸ்பிஆர்~ குறையைத் தீர்க்காது. அது முந்தைய வெளியீட்டுச் சாம்பிள்களை நேரடியாக எடுத்தாள அனுமதிப்பதால் சிறு வடிப்பான்களைச் சோதிக்க மிக வசதியானது. எனினும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் கோவை முழுவதையும் மதிப்பிடுவதால் அதுவே மெதுவானது. பின்னோக்கிச் செல்லும் தொலைவும் ஒரு பிளாக்குக்குள் அடங்க வேண்டும்.

நீங்கள் ஏன் 1 வரை இறங்க வேண்டும்? பிளாக் அளவு இரண்டின் அடுக்காக இருந்தால் போதும். பிளாக்~ 16 இட்டால், ஒரு பிளாக், விடி~ யின் இடைக்கணிப்புக்கு ஒரு சாம்பிள், வடிப்பானின் அரை சாம்பிள் என மொத்தம் 17.5, அதாவது சுமார் 2500 ஹெர்ட்ஸ் வரை தடையின்றிச் செல்லலாம். ஆப்ஜெக்ட்களை அழைக்கும் வேலை 64 மடங்குக்குப் பதிலாக 4 மடங்கே கூடும். பெரும்பாலான இசைத் தேவைகளுக்கு இது தாராளம். 600 ஹெர்ட்ஸைத் தாண்டவே தாண்டாத தந்திகளை இயல்பான 64 லேயே விட்டுவிடலாம். பிளாக்~ க்குப் பதில் ஸ்விட்ச்~ பயன்படுத்தினால் அதே அளவைக் குறிப்பதோடு, ஒலித்து முடிந்த தந்தியின் கணக்கீட்டை நிறுத்தியும் வைக்கலாம்.

மறுமொழி 3

தேய்வைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். இது பிளாக்குடன் தொடர்பற்ற தனிக் காரணம். 0.99 என்ற பெருக்கம் நேரத்தைப் பொறுத்ததன்று. ஒலி சுற்றை ஒருமுறை வலம் வரும்போதெல்லாம் அது செயல்படுகிறது. 880 ஹெர்ட்ஸில் ஒரு வினாடிக்கு 880 முறை ஒலி குறைக்கப்படுகிறது, 220 இல் 220 முறை மட்டுமே. ஒலி 60 டெசிபல் இறங்க எடுக்கும் நேரம், வடிப்பானின் இழப்பைச் சேர்க்காமலேயே, 220 இல் 3.1 வினாடி என்றால் 880 இல் 0.78 வினாடிதான். ஆகவே பெருக்கத்தை மாறிலியாக வைக்காமல் சுருதியிலிருந்து கணக்கிட வேண்டும்: சுற்று நேரத்தை வேண்டிய தேய்வு நேரத்தால் வகுத்து, அதை 3 ஆல் பெருக்கி, எதிர்க்குறியிட்டு, 10 இன் அடுக்காக இடுங்கள். 880 ஹெர்ட்ஸில் 3 வினாடி வேண்டுமானால் 0.9974 கிடைக்கும். அதே 3 வினாடிக்கு 220 இல் 0.99 சற்றுக் கூடுதல்தான், குறையில்லை. சராசரி வடிப்பான் மேற்சுரங்களைக் கூடுதலாகத் தின்பதால் கேட்கும் தேய்வு இதைவிடச் சற்று விரைவாகவே இருக்கும்.

இவ்வளவு ஒன்றுக்கு நெருங்கும் பெருக்கங்களில் இரண்டு காப்புகள் தேவை. சுற்றுக்குள் ஹிப்~ 5 (5 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதைக் குறைக்கும் வடிப்பான்) ஒன்றை வைத்தால் நேர்மின் விலக்கம் (அலையின் மையம் சுழியத்திலிருந்து விலகி நிற்பது) தேங்காது. இல்லையேல், சராசரி வடிப்பான் சுழிய அதிர்வெண்ணைத் துளியும் குறைக்காது என்பதால் அந்த விலக்கமே கடைசிவரை தங்கும். மதிப்புகளை -1 முதல் 1 வரைக்குள் அடக்கும் கிளிப்~ -1 1 என்பதையும் எழுதுவதற்குச் சற்று முன்னால் வையுங்கள். தவறுதலாகப் பெருக்கம் 1 ஐத் தாண்டினாலும் ஒலிபெருக்கியும் காதும் தப்பும். சுற்றின் எந்தப் பகுதியையும் செண்ட்~, ரிசீவ்~ இணையால் (கம்பியின்றி ஒலியை அனுப்பிப் பெறும் ஆப்ஜெக்ட்கள்) இணைக்க வேண்டாம்: பின்னூட்டத்தில் அந்த இணை தன் பங்குக்கு இன்னொரு பிளாக்கைச் சேர்த்துவிடும். டெல்ரைட்~ உம் விடி~ யும் ஏற்கெனவே சுற்றைத் துண்டித்துவிட்டதால் அதற்குத் தேவையும் இல்லை.