தண்ணீர் பிரஷ்ஷில் கடைசி அலசல்: கண்ணாடியை ஒட்டியா, தூக்கிப் பிடித்தா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடி சுத்தம் செய்வதுதான் என் தொழில். ஏணியும் ஸ்குவீஜியும் (தண்ணீரை வழித்தெடுக்கும் ரப்பர் பட்டை) விட்டு இப்போது நீளக் கம்பில் தண்ணீர் வரும் பிரஷ்ஷுக்கு மாறியிருக்கிறேன். தண்ணீரை வடிகட்டும் ஆர்ஓவுக்குப் பிறகு, மிச்ச உப்பையும் பிடிக்கும் ரெசின் வைத்திருக்கிறேன், தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 000 காட்டுகிறது. ஆனாலும் ஒரே கட்டடத்தில் ஒரு ஜன்னல் பளிச்சென்று காய்கிறது, பக்கத்து ஜன்னலில் வெள்ளைப் புள்ளிகள் நிற்கின்றன, இன்னொன்றில் மேல் விளிம்பிலிருந்து இரண்டு மூன்று கோடுகள் இறங்கியிருக்கின்றன. தண்ணீரை ஒல்லியான நேர்த் தாரையாக அடிக்கும் இரண்டு பென்சில் ஜெட் உள்ள பிரஷ், தேய்த்து முடித்ததும் கண்ணாடியை விட்டு எடுக்காமல் அப்படியே மேலும் கீழும் இழுத்து அலசுகிறேன். தூக்கிப் பிடித்துத்தான் அலச வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், அது தண்ணீரை வீணாக்கும் வேலை என்று வேறு சிலர். எதை நம்புவது?

பதில் 1:
இரண்டு பேர் சொல்வதும் சரி, ஆனால் வேறு வேறு கண்ணாடிக்கு. அலசத் தொடங்கும் முன் ஒரு நொடி நின்று தண்ணீர் எப்படி இறங்குகிறது என்று பாருங்கள். சில கண்ணாடியில் தண்ணீர் ஒரே படலமாகப் பரவி வழியும். அங்கே பிரஷ்ஷை ஒட்டியே வைத்து மேலிருந்து கீழே நிதானமாக இழுத்தால் போதும், படலமே அழுக்கைக் கூட்டிக்கொண்டு போய்விடும், தூக்கிப் பிடித்தால் தெறிப்புதான் மிச்சம். வேறு சில கண்ணாடியில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும், அல்லது ஒல்லியான ஓடைகளாகப் பிரிந்து ஓடும். ஜன்னலைச் சுற்றிப் பூசிய சிலிகான் கசிந்து மேலே படிந்திருந்தால்கூட இப்படி ஆகும். உங்கள் பென்சில் ஜெட் அந்த மாதிரிக் கண்ணாடியில் இரண்டு ஓடைகளை உண்டாக்கிவிட்டு நடுவில் உள்ள இடத்தைத் தொடாமலே விட்டுவிடுகிறது, அங்கே அழுக்குத் தண்ணீர் முத்தாகவே காய்ந்து புள்ளியாகிறது. சுத்தமான தண்ணீர் முத்து காய்ந்தால் எதுவும் மிஞ்சாது, மிஞ்சுகிறது என்றால் அதற்குள் அழுக்கு இருந்திருக்கிறது.

ஆகவே முத்து நிற்கும் கண்ணாடியில் பிரஷ்ஷைச் சில அங்குலம் விலக்கி, கண்ணாடியின் மேல் விளிம்பில் உள்ள ரப்பருக்குச் சற்றுக் கீழே ஜெட் விழும்படி பிடித்து, இடமிருந்து வலம் மெதுவாக நகர்த்துங்கள். முழு அகலத்துக்கும் தண்ணீர் சேர்ந்து கனமாக இறங்கத் தொடங்கியதும் நீங்களும் அதோடு இறங்குங்கள். அவசரப்பட்டு முன்னால் போனால் மேலே மறுபடி முத்துகள் நின்றுவிடும்.

ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: தூக்கும்போது கம்பு பின்பக்கம் சாயும். கம்பு கார்பன் ஃபைபர் என்றால் அது மின்சாரம் கடத்தும். வேலை தொடங்கும் முன் பின்னால் மின்கம்பி இருக்கிறதா என்று பார்க்காமல் யாரும் கம்பை நீட்டக் கூடாது.

பதில் 2:
புள்ளிக்கு அவர் சொன்னது பொருந்தும். கோடுகளுக்குக் காரணம் வேறு. அது மேல் ஃப்ரேமிலிருந்து வரும் சொட்டு. ஃப்ரேமின் இடுக்கு, ரப்பரின் மடிப்பு, காற்றுத் துவாரம் இதிலெல்லாம் தூசி அடைந்து கிடக்கும், அதற்குள் தண்ணீர் போனால் நீங்கள் அடுத்த ஜன்னலுக்குப் போன பிறகு நிதானமாக வெளியே வந்து இறங்கும். முதல் முறை சுத்தம் செய்யும் கட்டடத்தில் மேல் ஃப்ரேமைத் தேய்த்து, நன்றாக அலசி, அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து இரண்டு மூன்று ஜன்னல்களின் ஃப்ரேமையும் முடியுங்கள். சொட்டு நின்ற பிறகு திரும்பி வந்து கண்ணாடியைத் தேய்த்து அலசுங்கள். அந்தக் கடைசி அலசலில் ஒரு துளிகூட மேல் ஃப்ரேமில் படக் கூடாது, பட்டால் திரும்பவும் முதலிலிருந்துதான்.

பெயின்ட் வெளுத்து, விரலால் தொட்டால் வெள்ளை மாவு ஒட்டும் அலுமினிய ஃப்ரேம் என்றால் மேல் பகுதியைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். எவ்வளவு அலசினாலும் அந்தப் பால் நிறம் வந்துகொண்டே இருக்கும். அதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. கோடு விழுந்த ஜன்னல்களில் எல்லாம் மேலே காற்றுத் துவாரம் இருக்கிறது, இப்போது விளங்குகிறது. அப்படியானால் பென்சில் ஜெட்டைக் கழற்றிவிட்டு விசிறி ஜெட் போட்டுவிடலாமா? ரெசின்மேல் சந்தேகப்பட வேண்டியதில்லைதானே?

பதில் 3:
விசிறி ஜெட் முத்து நிற்கும் கண்ணாடிக்கு அருமையானது, அகலமாக விழுவதால் நடுவில் இடைவெளி விடாது. ஆனால் உயரத்தில் அழுத்தம் குறைந்தால் விசிறி சுருங்கிவிடும், காற்று அடித்தால் பாதித் தண்ணீர் கண்ணாடிக்கே போய்ச் சேராது. பென்சில் ஜெட்டின் வேகம் மூலையில் ஒட்டிய அழுக்கையும் பறவை எச்சத்தையும் பெயர்க்க உதவும். நான் இரண்டையும் ஒரே பிரஷ்ஷில் வைத்திருப்பவன், ஒன்றை மட்டும் தேர்ந்தெடு என்றால் நீங்கள் அதிகம் பார்ப்பது எந்த வகைக் கண்ணாடி என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள் என்பேன். பதில் 1-இல் சொன்னதில் எனக்கு ஒரு சின்ன மாற்றுக் கருத்து உண்டு. தூக்குவதற்கு முன், தேய்த்த பிரஷ்ஷையே முதலில் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். இழைகளுக்குள் தங்கிய அழுக்கு சொட்டிக்கொண்டே இருந்தால் எந்த ஜெட்டும் காப்பாற்றாது. ஜன்னலை விட்டுத் தள்ளி ஒரு உதறு, அப்புறம் அலசல்.

ரெசின் பற்றி: மீட்டர் 10 பிபிஎம்முக்குக் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) கீழே இருந்தால் பொதுவாகப் புள்ளி விழாது, உங்களுக்கு 000. ஆனால் மீட்டரை முழுதாக நம்பிவிடவும் முடியாது. அது தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதை வைத்துக் கணக்குப் போடுகிறது. ரெசின் தீரும் தறுவாயில் முதலில் நழுவி வருவது மணலில் இருக்கும் சிலிக்கா என்ற கனிமம், அது ஏறக்குறைய மின்சாரம் கடத்தாது, எனவே மீட்டர் 000 என்றே காட்டிக்கொண்டிருக்கும்போதும் கண்ணாடியில் வெண்மை படியலாம். அப்படி இருந்தால் எல்லா ஜன்னலிலும் தெரியும். உங்களுக்குச் சிலவற்றில் மட்டும்தானே, எனவே இப்போதைக்கு ரெசின் குற்றவாளி இல்லை.

வெயில் நேராக விழும் பக்கத்தைக் கடைசிக்குத் தள்ளாமல் நிழல் இருக்கும் நேரத்தில் முடியுங்கள். சூடான கண்ணாடியில் தேய்த்த அழுக்கு அலசுவதற்குள் காய்ந்துவிடும்.

பதில் 1:
பிரஷ்ஷைக் கழுவுவது பற்றிச் சொன்னது சரியான திருத்தம், ஏற்கிறேன். முன்பு சோப்புப் போட்டு ஸ்குவீஜியால் துடைத்த கண்ணாடி என்றால் ஓரங்களில் சோப்பு மிச்சம் இருக்கும், முதல் ஓரிரு முறை கூடுதலாகவே அலச வேண்டிவரும்.

இன்னொன்று, புள்ளிகள் கண்ணாடியின் அடிப்பகுதியில் மட்டும் இருந்தால் கீழ்த் திண்டைப் பாருங்கள். திண்டில் அழுக்கு இருக்கும்போது மேலிருந்து இறங்கும் தண்ணீர் அதில் மோதித் திரும்பக் கண்ணாடியில் தெறிக்கும். திண்டைத் தேய்ப்பதைக் கண்ணாடி அலசலுக்கு முன்பே முடித்துவிடுங்கள், கடைசியில் கண்ணாடியின் கீழ் ஒரு முழம் மட்டும் தண்ணீரைக் குறைத்து மெதுவாக இன்னொரு தடவை அலசிவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.